இரும்பு முள்

எழுத்தாளனிடம் யோசனை கேட்பதற்கென்றே சில விஷயங்கள் உண்டு. குழந்தைக்கு என்ன பெயர் வைக்கலாம், கல்யாணப் பத்திரிகையில் வாசகம் எப்படி அமையலாம், ஓய்வு பெறுகிற தலைமை ஆசிரியரைப் பற்றி நாலு வரி எழுதித் தர முடியுமா, இப்படி. டிராக்டரின் முன்னால் மாட்டுகிற இரும்பு முள் எவ்வளவு கனம் இருக்கவேண்டும் என்ற கேள்வி இந்த ஜாபிதாவில் சேராது. ஆனால் என் மைத்துனர் அதைத்தான் கேட்டார். 'எனக்குத் தெரியாது, மச்சான்' என்று சொல்லியிருக்கலாம். அந்த மூன்று வார்த்தையைச் சொல்ல எனக்கு எப்போதுமே வாய் வருவதில்லை.

மைத்துனருக்குப் பல்லாவரத்தில் சிமெண்டுக் கல் அடிக்கும் தொழில். திரிசூலம் மலை கண்ணுக்குத் தெரிகிற ஒரு சந்தின் கோடியில் அவருடைய களம் இருக்கிறது. வீட்டு வாசலிலும் நடைபாதையிலும் பாவுகிறார்களே, 'பேவர் பிளாக்' என்று, அந்தக் கல். இருபது சென்டிமீட்டர் நீளம், பத்து அகலம், ஆறு கனம். ஒன்றின் எடை 2.8 கிலோ. கையில் எடுத்தால் அற்பமாகத்தான் இருக்கும். ஒரு நாளைக்கு ஆயிரம் கல்லை ஒருவன் தூக்கி வைக்கிறான் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், முதுகெலும்பு எங்கே வலிக்கும் என்று தெரியும்.

ஆள் கிடைப்பதும் அருமையாகிவிட்டது. ஆகவே 27 குதிரைச் சக்தியுள்ள சின்ன டிராக்டர் ஒன்றை வாங்கினார். முன்பக்கம் இரண்டு இரும்புக் கைகள் கொண்ட லோடர். அதன் நுனியில் மணல் அள்ளும் தொட்டி. "கிடங்குகளில் ஓடுகிறதே, போர்க் லிஃப்ட், அதையே வாங்கியிருக்கலாமே?" என்று கேட்டேன். "அதுக்குக் குட்டிச் சக்கரம், மாப்பிள்ளை. சிமெண்டுத் தரையிலே ராஜா மாதிரி ஓடும். ஐப்பசி மழையிலே நம்ம களத்திலே இறக்கினா, தை மாசம்தான் வெளியே எடுக்கணும்" என்றார். நியாயமான பதில்.

மணலுக்குத் தொட்டி சரி, கல்லுக்கு ஆகாது. கல்லை மரப்பலகை அடுக்கின் மேல் அடுக்குவார்கள். பேலட் என்று பெயர். 1200 மில்லிமீட்டருக்கு 1000 என்பது இங்கே சாதாரணமாகப் புழங்கும் அளவு. அதன் அடியில் இரண்டு இரும்பு முட்களை நுழைத்து அப்படியே தூக்கவேண்டும். பட்டறைகளில் ஃபோர்க் என்பார்கள். சாப்பாட்டு மேஜையில் இருக்கும் முள்கரண்டிக்குத் தூரத்து உறவு. ஆனால் உருவம் 'ட' என்ற எழுத்துதான். நிமிர்ந்த பகுதி ஒரு சட்டத்தில் கொக்கி போட்டு மாட்டியிருக்கும். படுத்த பகுதி சுமையைத் தாங்கும்.

தேர்ந்தெடுக்க இரண்டு ஜோடிகள் இருந்தன. ஒன்று, புதிது. ஒரு மீட்டர் நீளம், முப்பது மில்லிமீட்டர் கனம். சட்டத்தோடு சேர்த்து 110 கிலோ. இன்னொன்றை வெள்ளிக்கிழமைச் சந்தையில் துப்புப் பிடித்தோம். பல்லாவரம் சந்தையைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. பழைய டிரங்க் ரோட்டில் வாராவாரம் கூடுகிறது. புறாவிலிருந்து பழைய தொலைக்காட்சிப் பெட்டி வரைக்கும் கிடைக்கும். அங்கே தரையில் சாக்கை விரித்து ஸ்பானர் விற்றுக்கொண்டிருந்த ஒருவர், தமது கிடங்கில் பழைய போர்க் லிஃப்டிலிருந்து கழற்றிய முள் இருக்கிறது என்றார். போய்ப் பார்த்தோம்.

பார்த்ததும் எனக்குப் பிடித்துவிட்டது. 1200 மில்லிமீட்டர் நீளம், நாற்பது மில்லிமீட்டர் கனம். தட்டினால் கோவில் மணி மாதிரி நாதம். பக்கவாட்டில் '1250' என்றும் '500' என்றும் எண்கள் பொறித்திருந்தன. ஒரு முள் 1250 கிலோ தாங்கும், சுமையின் நடுப்புள்ளி 500 மில்லிமீட்டர் தள்ளி இருக்கும்போது, என்பது அதன் பொருள். விலையோ புதியதில் பாதி. "இரண்டும் சேர்ந்தால் 2500 கிலோ, மச்சான்! நமக்கு வேண்டியது அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. இதற்குமேல் என்ன யோசனை?" என்றேன் நான். எழுத்திலும் எனக்கு இந்தக் குணம் உண்டு. லேசான வார்த்தை போதும் என்கிற இடத்தில் கனமான வார்த்தையைப் போட்டுத் திருப்தி அடைவேன்.

சட்டம் அடித்து மாட்டினார்கள். எல்லாமாகச் சேர்ந்து 190 கிலோ ஆயிற்று. லோடரின் கையேட்டில் 450 கிலோ தூக்கும் என்று அச்சிட்டிருந்தது. பேலட்டில் ஒரு வரிசைக்கு அறுபது கல், 168 கிலோ. இரண்டு வரிசையும் பலகையும் சேர்த்து 356. இன்னும் தொண்ணூற்று நாலு கிலோ பாக்கி இருப்பதாக நானும் மைத்துனரும் சந்தோஷப்பட்டோம்.

வண்டி தூக்கவும் தூக்கிற்று. ஒரு சாண் உயரம் வந்தது. ஆனால் பின் சக்கரங்கள் தரையைப் பட்டும் படாமலும் தொட்டுக்கொண்டிருந்தன. மைத்துனர் தலையைச் சொறிந்தார். அப்போது நான் ஒரு வாக்கியம் சொன்னேன். "ஏற்றம் இறைக்கிறபோது துலாவின் மேல் ஆள் நடக்கிறானே, மச்சான்! சால் கனத்தால் இந்தப் பக்கம் நகர்ந்து வருவான். அந்தத் தத்துவம்தான்."

உவமையாகத்தான் சொன்னேன். அவர் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டார். "தம்பி, பின்னாலே ஏறி நில்லு" என்றார்.

தம்பி என்பது செய்யாறு பக்கத்திலிருந்து வந்து இரண்டு மாதமே ஆன பையன். பத்தொன்பது வயது. மறுபேச்சுப் பேசாமல், கலப்பை மாட்டும் பின்பக்கக் கம்பிகளின்மேல் ஏறி நின்றான். சிரித்துக்கொண்டே நின்றான் என்பது இன்றைக்கும் என் கண்ணில் இருக்கிறது. பின் சக்கரம் பதிந்தது. வண்டி நகர்ந்தது.

பதினைந்து அடி போயிருக்கும். களத்தின் கோடியில் மழைத் தண்ணீர் வாய்க்கால். அங்கே தரை சற்றுச் சரிவு. மைத்துனர் பிரேக்கை அழுத்தினார். வண்டி நின்றது; சுமை நிற்கவில்லை. மூக்கு குத்திற்று, பின்பக்கம் ஒரு முழம் எழும்பிற்று, கற்கள் மொத்தமும் வாய்க்காலில் கொட்டின. பாரம் போனதும் பின் சக்கரம் தடாலென்று கீழே இறங்கியது. பையன் பக்கத்தில் இருந்த மணல் குவியலின்மேல் கிடந்தான்.

ஓடினோம். அவன் எழுந்து உட்கார்ந்து, மணலைத் துப்பிவிட்டு, சக்கரத்தைக் கையால் காட்டினான். "செருப்பு, சார்" என்றான். "நேத்துதான் வாங்கினேன்."

ஒரு செருப்பு சக்கரத்தின் அடியில் இருந்தது.

அன்று மாலை மைத்துனரும் நானும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. மறுநாள் குரோம்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவரை அழைத்துவந்தோம். அவர் முதலில் முள் வளைகிற மூலையைப் பார்த்தார். மனிதனுக்குக் குதிகால் மாதிரி, பாரமெல்லாம் அங்கேதான் இறங்கும். அளவுகோலை வைத்தார். நிமிர்ந்த பகுதி நாற்பது மில்லிமீட்டர். குதிகாலில் முப்பத்தைந்துதான் இருந்தது. வருஷக்கணக்காகத் தரையில் உராய்ந்து தேய்ந்தது.

"பத்திலே ஒரு பங்கு தேய்ஞ்சாலே தள்ளிடணும், சார். இது எட்டிலே ஒரு பங்கு தேய்ஞ்சிருக்கு" என்றார்.

"எட்டில் ஒரு பங்குதானே குறைவு?" என்றேன்.

"கனம்தான் எட்டிலே ஒண்ணு குறையுது. பலம் நாலிலே ஒண்ணு போயிடும். வளையற இரும்புக்குக் கனத்தோட வர்க்கம்தான் பலம்." வெல்டிங் வைத்து நிரப்பிவிடலாமா என்று மைத்துனர் மெதுவாகக் கேட்டார். பெரியவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பதப்படுத்திய எஃகை அந்த மூலையில் சூடுகாட்டினால் பதம் கெட்டு, ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் ஒடியும் என்றார்.

பிறகு அந்த எண்ணைத் தொட்டுக் காட்டினார். "1250ங்கறது இந்த முள்ளு தாங்கறது, சார். உங்க வண்டி தூக்கறது இல்லே."

சாக்குக்கட்டியை எடுத்துத் தரையில் கணக்குப் போட்டார். கணக்கு எனக்குப் பரம்பரை விரோதி; ஆனாலும் இது புரிந்தது. கையேட்டில் சொன்ன 450 கிலோ, தொட்டியை மாட்டுகிற முனையில், கை முழு உயரத்துக்குப் போகும்போது. கை கீலிலிருந்து அந்த முனை 1.6 மீட்டர். 450ஐ 1.6ஆல் பெருக்கினால் 720. இதுதான் வண்டியின் மொத்த ஆஸ்தி. முள்ளும் சட்டமும் 190 கிலோ. அதன் பாரம் 1.9 மீட்டரில் விழுகிறது. பெருக்கினால் 361. ஆஸ்தியில் பாதி, கல்லைத் தொடுவதற்கு முன்பே செலவு! மீதி 359. பேலட்டின் நடுப்புள்ளியோ கீலிலிருந்து 2.3 மீட்டர். வகுத்தால் 156 கிலோ. நாங்கள் ஏற்றியது 356.

"அப்படியானால் எப்படித் தூக்கிற்று?" என்றார் மைத்துனர்.

"கீழே இருக்கறப்போ இந்த லோடருக்குப் பலம் ஜாஸ்தி, முதலாளி. ஒரு சாண் தூக்கும். அதைப் பார்த்து ஏமாறக் கூடாது."

புதிய, லேசான முள்ளுக்கும் அதே கணக்கைப் போட்டார். 110 கிலோவுக்கு 209 போக மீதி 511. தூக்கக்கூடியது 222 கிலோ. ஒரு வரிசைக் கல்லும் பலகையும் சேர்ந்து 188. தாராளமாகப் போகும். நீளமும் ஒரு மீட்டரே சரி. அகலப் பக்கமாக நுழைந்தால் பேலட்டின் ஆழம் ஒரு மீட்டர்தான். 1200 நீளமுள்ள முள் அந்தப் பக்கம் இருபது சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டு, பின்னால் இருக்கும் அடுக்கைக் குத்தும். ஆக, நான் எதையெல்லாம் சிறப்பு என்று நினைத்தேனோ அதெல்லாம் குறை. முள் பலமாக இருந்தது. தூக்குகிறவனுக்குத்தான் அது பொருந்தவில்லை.

"பின்னாலே எதிர்ப் பாரம்?" என்று நான் கேட்டேன். பெரியவர் பையனைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "மனுஷனை வைக்கக் கூடாது, சார்" என்று மட்டும் சொன்னார்.

பின்பக்கக் கம்பிகளுக்கு ஒரு சரித்திரம் உண்டு. முதல் உலக யுத்த காலத்தில் கலப்பை கல்லில் சிக்கினால் டிராக்டர் மூக்கைத் தூக்கி மல்லாந்து ஓட்டுகிறவன்மேல் விழும். அதைக் கண்ட ஹாரி ஃபெர்குஸன் என்ற அயர்லாந்துக்காரர், கலப்பையை வண்டியோடு மூன்று முனைகளில் பிணைத்து அந்த ஆபத்தைத் தடுக்க வழி கண்டார். 1953ல் அவருடைய கம்பெனி மாஸி ஹாரிஸோடு சேர்ந்தது. அந்த மாஸி ஃபெர்குஸனின் கூட்டுறவோடுதான் 1960ல் நம் சென்னையில் டாஃபே டிராக்டர் தொழிலைத் தொடங்கியது. மனிதனைக் காப்பாற்றுவதற்காக வந்த கம்பிகளின்மேல் ஒரு மனிதனையே எதிர்ப் பாரமாக ஏற்றி வைத்தது எங்கள் சாமர்த்தியம்.

பல்லாவரத்துக்காரர்களுக்கு இது தெரிந்திருக்கவேண்டிய பாடம்தான். 1863ஆம் வருஷம் மே மாதம் 30ந் தேதி, இந்த ஊர்ப் படை மைதானத்துக்குப் பக்கத்தில் ஒரு சரளைக்கல் குழியில், ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியல் அறிஞர் ஒரு கல் கோடாலியைக் கண்டெடுத்தார். பழைய கற்காலக் கருவி என்று இந்தியாவில் அடையாளம் காணப்பட்ட முதல் கருவி அது. அதைச் செய்தவனைச் சுற்றிப் பெரிய கற்களுக்குப் பஞ்சமா? திரிசூலம் மலையே நின்றிருக்கும். அவன் தன் கைக்கு அடங்குகிற அளவில் ஒன்றைச் செதுக்கிக்கொண்டான்.

புதிய முள் வந்துவிட்டது. பழையது எடைக்குப் போயிற்று. டிராக்டரின் பின்னால் அந்த மூன்று முனையில் மாட்டுவதற்குக் களத்திலேயே ஒரு கான்கிரீட் கட்டி வார்த்தார்கள். நாலு பக்கமும் அரை மீட்டர், எடை முந்நூறு கிலோ. ஒரு தடவைக்கு ஒரே வரிசைக் கல்; சுமை தரையிலிருந்து ஒரு சாணுக்குமேல் உயராமல் ஓட்டவேண்டும்; சரிவில் இறங்குவதானால் பின்னோக்கித்தான். இரண்டு வரிசைக்குப் பதில் இரண்டு நடை போகிறது வண்டி. யாருக்கும் அவசரம் இல்லை.

கான்கிரீட் ஈரமாக இருக்கும்போது அதன்மேல் ஏதாவது எழுதித் தரும்படி மைத்துனர் என்னைக் கேட்டார். நான் காகிதம் தேடிக்கொண்டு உள்ளே போய், இரண்டு வாக்கியம் எழுதி, ஒன்றை அடித்து, திருத்திக்கொண்டு வெளியே வந்தேன். அதற்குள் பையன் ஓர் ஆணியால் எழுதி முடித்துவிட்டான். 'ஆள் ஏற கூடாது.' நடுவில் ஓர் ஒற்று விட்டுப்போயிருந்தது. திருத்தலாமா என்று குனிந்தேன். சிமெண்டு இறுகிவிட்டிருந்தது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.