உறைவைத் தள்ளிப்போடும் பாலிமர்

ஸ்டாவஞ்சர், திங்கள்

குளிர்த்தொட்டியில் ஆடும் உருக்குக் கலங்களுக்குக் காது கொடுத்தேன். உள்ளே உருளும் குண்டு இரு முனையிலும் மோதுகிற சத்தம் கேட்டால் அடைப்பு இல்லை. பாலிமர் சேர்க்காத கலம் இரவிலேயே ஓய்ந்திருந்தது. 76 பார் அழுத்தத்தில் 20 டிகிரியிலிருந்து மணிக்கு ஒரு டிகிரி வீதம் குளிரவைத்தோம். 17 டிகிரியை ஒட்டியே வாயு தண்ணீரோடு சேர்ந்து ஹைட்ரேட்டாகிவிட்டது. பாலிவினைல்கேப்ரோலாக்டம் என்ற பாலிமரை 0.25 சதவீதம் போட்ட கலம் 10 டிகிரிவரை தாங்கியது.

வடகடல் குழாய்களில் நாங்கள் அஞ்சுவது இந்தக் கட்டிக்குத்தான். நீர் மூலக்கூறுகள் கூண்டு கட்டி மீத்தேனை உள்ளே பூட்டிக்கொள்கின்றன. அழுத்தம் கூடினால் உறைநிலைக்கு வெகு மேலேயே இறுகிவிடும். குழாயை அடைப்பது பனிக்கட்டி அல்ல, ஹைட்ரேட்தான் என்று 1934இல் காட்டியவர் ஹாமர்ஷ்மிட்.

புதன்

மெத்தனால் ஊற்றித் தடுப்பதென்றால் சில எரிவாயு வயல்களில் தண்ணீரின் எடையில் பாதி அளவுகூட வேண்டியிருக்கும். பாலிமர் மிகக் குறைவாகவே போதும். ஆனால் அது ஹைட்ரேட் நிலைத்திருக்கக்கூடிய வெப்பநிலை வரம்பை மாற்றாது. படிகம் பிறப்பதையும் வளர்வதையும் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். கிணற்றிலிருந்து கிளம்பிய தண்ணீர் அந்தத் தாமதம் முடிவதற்குள் குழாயைக் கடந்துவிட வேண்டும். ஓட்டம் நெடுநேரம் நின்றுபோனால் பாலிமரை மட்டும் நம்பியிருக்கக் கூடாது.

இன்று சூடான உப்புநீரில் மாதிரியைச் சொட்டினேன். நொடியில் பாலாய்த் திரிந்து, கண்ணாடிச் சுவரில் பிசினாக ஒட்டிக்கொண்டது. கிணற்று வாயில் சூடாகவும் உப்பாகவும்தான் இருக்கும். அடைப்பைத் தடுக்கப் போட்ட மருந்தே அங்கே படிந்தால் என்ன பயன்? கேப்ரோலாக்டமோடு நீரை இன்னும் விரும்பும் அலகுகளைக் கோக்க வேண்டும். கோத்தால் தடுக்கும் திறன் கொஞ்சம் குறையலாம்.

வெள்ளி

எனக்குப் பெரிய கவலை கடல்தான். பிரித்தெடுத்த தண்ணீர் கடலுக்குப் போனால் பாலிமரும் கூடவே போகும். அதன் முதுகெலும்பு முழுக்கக் கார்பன்-கார்பன் பிணைப்பு. நுண்ணுயிர்களால் எளிதில் வெட்ட முடியாது. கடல்நீரில் 28 நாள் சிதைவுச் சோதனை வைத்தால் பெரிதாக எதுவும் குறைவதில்லை. நார்வேயின் கடல் விதிகள் இதில் கறாரானவை. கறாராக இருப்பதே சரி.

அடுத்து, நுண்ணுயிர்கள் வெட்டக்கூடிய எஸ்டர் பிணைப்பு இடையிட்ட சங்கிலியைச் சோதிக்கிறோம். அது 12 டிகிரியிலேயே உறையவிட்டாலும் ஒதுக்கமாட்டேன். பியூட்டாக்ஸிஎத்தனால் போன்ற துணைக் கரைப்பான் சேர்த்து, இழந்த இரண்டு டிகிரியை மீட்க முயலலாம். சிதையாத பாலிமரைக் கடலுக்குள் விட்டபின் மீட்க வழியில்லை.