திரிதலும் தெரிதலும்

கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளில் இரவு ஷிப்ட் முடித்து வரும் நம் பங்கு இளைஞர் சிலர், உறங்குமுன் கணினியில் ‘ஸ்கைரிம்’ ஆடுகின்றனர். 2011-இல் வெளிவந்த ஆட்டம் அது. மலை, காடு, நகர் எங்கும் மனம்போல் திரியலாம். எட்டு மணி நேரம் எந்திரத்தின் போக்கிற்கே கைநீட்டி நின்ற பிள்ளைக்கு அத்திறந்த வெளி எத்துணை இனிக்கும் என்பது நமக்கு விளங்காமலில்லை. ஆயினும் ஒரு விந்தை! உலகை அழிக்க வந்த அரக்கப் பாம்பு, வீரன் வீடு வாங்கிக் குடியேறி ஊர் சுற்றி முடிக்கும்வரை பொறுமையாகக் காத்திருக்கிறது. தாமதத்திற்கு விலையே இல்லை.

‘விட்சர் 3’ (2015) அவ்வாறன்று. திறந்த வெளி அங்கும் உண்டு. ஆனால் மரத்தடியில் அடைபட்ட ஆவியை விடுவித்தால் அனாதைப் பிள்ளைகள் பிழைப்பர். பின்னர் வேறொரு குடும்பத்தின் தாய் மடிவாள், கணவன் தூக்கிட்டுக்கொள்வான். ஆவியைக் கொன்றாலோ, பிள்ளைகள் மாள்வர். விளைவு, தெரிவு செய்தபின்தான் புலப்படும்.

2014-இல் இந்தியக் குழுவொன்று ஆக்கிய ‘அன்ரெஸ்ட்’ நம் இல்லங்களுக்கு இன்னும் அணுக்கமானது. பஞ்சம் பீடித்த பழங்கால நாடு. தானியா என்னும் உழவர் மகள். பெற்றோர் நிச்சயித்த மணம். அதை ஏற்பதா, எதிர்ப்பதா? வாளைவிடப் பேச்சுக்கே அங்கு வேலை அதிகம். சுற்றித் திரிய இடம் சிறிதே. எனினும் இதையே மேலான சுதந்திரம் என்போம்.

ஓலை வாசிக்குமுன் மணமகளைத் தனியே அழைத்து, “முழு மனத்தோடுதானா, அம்மா?” என்று நாம் வினவுவதை வெறும் சடங்கென எண்ணும் பெற்றோர் உளர். 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 1103-ஆம் விதிப்படி, வற்புறுத்தலாலோ பேரச்சத்தாலோ பெற்ற சம்மதம் செல்லாது. அழைப்பிதழ் அச்சான பின்னரும் அவள் ‘இல்லை’ எனலாம்.