மடையானின் கால்

குறுந்தொகையின் 25ஆம் பாடலை இருபது ஆண்டுகளாக மாணவர்களுக்கு நடத்தி வருகிறேன். தலைவன் தன்னோடு கூடிய நாளில் வேறு சாட்சி எவருமில்லை, ஓடும் நீரில் ஆரல் மீனுக்காகக் காத்து நின்ற குருகு மட்டுமே உண்டு என்று தலைவி சொல்லும் கபிலர் பாட்டு. அக்குருகின் பசிய கால்களுக்குத் தினையின் தாளை உவமையாக்குகிறார் புலவர். அந்த நயத்தை விளக்கி ஒரு மணி நேரம் பேசுவேன். கொக்கின் காலை ஒருநாளும் நின்று பார்த்ததில்லை என்பது கையில் வண்ணப் பென்சில் வந்த பிறகுதான் உறைத்தது.

பென்சில் வந்த கதை இது. சென்ற ஐப்பசியில் அப்பா களத்து மேட்டில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். எழுபத்தெட்டு வயது. அறுவை முடிந்து ஊர் வீட்டில் சன்னலோரக் கட்டிலில் கிடந்தவருக்கு ஒரே ஏக்கம், குளத்தைப் பார்க்க வேண்டும். தாமிரபரணிக் கால்வாயில் பெருகும் குளம். அதன் மடையைத் திறந்தும் அடைத்தும் வயலுக்கு நீர் பாய்ச்சியவர். கைப்பேசியில் படமெடுத்துக் காட்டினேன். "கண்ணாடிக்குள்ள என்னத்தத் தெரியுது" என்று தள்ளிவிட்டார். தாளில் இருந்தால் கண்ணருகே பிடித்துப் பார்ப்பார் என்று தோன்றியது. விடுதிக்குப் போன மகள் விட்டுச் சென்ற பெட்டியில் நீரில் கரையும் பென்சில்கள் 24, அதே வகைக் கிரேயான்கள் 10 இருந்தன.

இவற்றின் குணம் வேடிக்கையானது. பள்ளியில் நாம் தேய்த்த மெழுகுக் கிரேயான் நீரை விலக்கும். இது நீரோடு கலந்துவிடும். உலர்ந்த தாளில் தீட்டும்போது நிறம் சோம்பிக் கிடக்கும். ஈரத் தூரிகை பட்டதும் விழித்துக்கொள்ளும், நாம் நினைத்ததைவிட அடர்த்தியாக. அந்த விழிப்பில் மயங்கித் திரும்பத் திரும்பத் தூரிகையை ஓட்டினால் எல்லா நிறமும் சேர்ந்து சேறாகும். முதல் பத்துத் தாள்களில் சேறுதான் வரைந்தேன். சாதாரண வரைதாள் ஈரத்தில் சுருண்டுகொள்ள, சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தாளுக்கு மாறினேன். (இத்தகைய பென்சிலை 1931இல் கொண்டுவந்த சுவிட்சர்லாந்து நிறுவனமான காரன் தாஷின் பெயர், ருஷ்ய மொழியில் பென்சிலைக் குறிக்கும் 'கரந்தாஷ்' என்ற சொல்லிலிருந்து வந்தது. அதற்கும் மூலம் துருக்கியத்தில் கருங்கல் என்பார்கள். 'கர' என்றதும் நம் சொல்லாய்வு அன்பர்கள் 'கரு' என்று கிளம்பக்கூடும். நான் உடன் வரவில்லை.)

கற்றுக்குட்டிக்கு உரிய ஆசையோடு பகட்டான பறவையையே முதலில் தேடினேன். தை மாதத்தில் கூந்தன்குளம் போனேன். 1994இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஊர். வீட்டை ஒட்டிய மரங்களிலேயே சங்குவளை நாரைகள் கூடு கட்டும். மஞ்சள் அலகு, செம்மை படர்ந்த முகம், மார்பில் கருவளையம், இறக்கையின் கடைசியில் இளஞ்சிவப்பு. கிரேயானை அகலமாகப் போட்டு நீரால் இழுத்தேன். காய்ந்தபின் பென்சிலை நனைத்து அலகின் விளிம்பை எடுத்தேன். சக ஆசிரியர்கள் வியந்தார்கள். அப்பா ஒரு கணம் பார்த்தார். "இது கூந்தன்குளத்து ஆளுல்லா. நம்ம மடையான் எங்க?"

மடையான், மடைவாயில் அசையாமல் நிற்கும் குளத்துக் கொக்கு. குருட்டுக் கொக்கு என்றும் சொல்வார்கள். சேற்று நிறத்தில் கோடுகோடாக இருக்கும் அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பறக்கும்போதுதான் அத்தனை வெண்மையையும் உடலுக்குள் மடித்து வைத்திருந்தது தெரியும். இந்தப் பென்சில்களில் அந்த வெண்மையை வரைய வழியில்லை. பெட்டியில் வெள்ளைப் பென்சில் உண்டு. பழுப்பின்மேல் தேய்த்தால் அழுக்குத்தான். வெண்மை வேண்டுமிடத்தில் தாளைத் தொடாமல் விட வேண்டும், அதையும் முதலிலேயே தீர்மானித்துவிட வேண்டும். நிற்கும் மடையானில் சிறகின் கீழ்விளிம்பில் ஒரு கீற்று விட்டேன். கண்ணில் மஞ்சளுக்கு நடுவே நனைந்த கறுப்பு முனையால் ஒரு புள்ளி. நன்றாகவே வந்திருந்தது.

அப்பா தாளை மூக்கருகே பிடித்துக்கொண்டு கேட்டார்: "காலு ஏன் செவந்து கெடக்கு? பச்சையால்லா இருக்கும்."

நாரையை வரைந்த கை, நாரையின் காலையே இதற்கும் போட்டிருந்தது. கபிலரும் பச்சை என்றுதானே சொன்னார்! மறுநாள் விடியலில் குளக்கரையில் போய் உட்கார்ந்தேன். பச்சைதான், ஆனால் பெட்டியிலுள்ள எந்தப் பச்சையும் இல்லை. இலைப்பச்சையைப் போட்டால் பொம்மைக்கால் போலிருந்தது. அதன்மேல் காவி மஞ்சளை மெல்ல ஏற்றி ஒரே ஒரு முறை நீர் தொட்டபோது ஏறத்தாழ நெருங்கியது. தினைத்தாளின் நிறம் இதுதானா என்று யோசித்தேன். தினையையும் நான் கடைப் பொட்டலத்தில் அரிசியாகத்தான் பார்த்திருக்கிறேன். வகுப்பில் எத்தனை முறை 'என்ன அருமையான உவமை' என்று சொல்லியிருப்பேன்!

மாசி முதல் வாரம் திருத்திய படத்தைக் கொண்டு போனேன். கண்டுபிடித்த பச்சையைக் காட்டும் ஆசையில் பறவையைச் சற்றே மேலேற்றி, கால்களை விரல்வரை முழுதாக வரைந்திருந்தேன். பாடலையும் சொல்லிக்காட்ட மனத்துக்குள் ஆயத்தம் செய்திருந்தேன். அப்பா வெகுநேரம் பார்த்தார். முகம் வாடியது.

"ஏலே, காலு பூரா தெரியுதே. குளம் வத்திப்போச்சா? பிசானத்துக்கு இன்னும் ரெண்டு தண்ணி வேணுமே."

இல்லையப்பா, கிடக்கிறது என்றேன். எவ்வளவு என்று கேட்டார். இரண்டு காலை அங்கே உட்கார்ந்திருந்தும் தண்ணீரை நான் பார்த்திருக்கவில்லை. பறவை எந்த அளவு நீரில் நின்றது என்று நினைவைத் துழாவினேன். கால் மடங்கும் மூட்டுக்குச் சற்றுக் கீழே மினுமினுப்பு இருந்தது.

பையிலிருந்து தூரிகையை எடுத்து அவருடைய குடிநீர்த் தம்ளரில் நனைத்தேன். மூட்டுக்குக் கீழே குறுக்காக ஒரு முறை ஓட்டினேன். பச்சையும் காவியும் கரைந்து, கலங்கிய நீராகப் படர்ந்தன.

"இவ்வளவு" என்றேன்.

"அப்பம் போதும்" என்றார்.