பிள்ளைகளும் மிதிவண்டியும்



பள்ளிக்கூடத்திற்குப் பிள்ளைகளை எப்படி அனுப்புவது என்னும் கவலை இல்லாத வீடு இன்று எது? வேனுக்குக் கொடுக்கும் மாதப் பணம் ஒருபுறம். அதில் நெருக்கியடித்து அமரும் பிஞ்சுகளைப் பற்றிய அச்சம் மறுபுறம். என் கணவர் வளைகுடா நாட்டில் பணிபுரிகிறார். பள்ளி ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. ஐந்து வயது மகனை என் மிதிவண்டியின் பின்னிருக்கையில் அமர்த்திக்கொள்கிறேன். எட்டு வயது மகள் தன் சிறிய வண்டியில் உடன் வருகிறாள். நாள்தோறும் எங்கள் பயணம் இதுவே.

“பர்தா போட்ட பெண்பிள்ளை நடுரோட்டில் சைக்கிள் மிதிப்பதா?” என்று உறவில் மூத்த ஒருவர் கேட்டார். “சின்னத்தா, உங்கள் தங்கச்சியும் மிதித்தவர்தானே!” என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

நாங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தினர். 1990களின் தொடக்கத்தில் இங்கு நடைபெற்ற அறிவொளி இயக்கம் பெண்களிடம் எழுத்தோடு மிதிவண்டியையும் கொண்டுசேர்த்தது. அந்நாளைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்குப் பெரும் ஊக்கமளித்தார். கல்குவாரித் தொழிலாளர், விவசாயக் கூலிகள், அங்கன்வாடிப் பணியாளர், ஆசிரியைகள் என ஒரு லட்சத்திற்கும் அதிகமான கிராமப் பெண்கள் ஓட்டக் கற்றனர். முஸ்லிம் பெண்களும் அவர்களுள் இருந்தனர். பெண்களுக்கான வண்டி போதாமையால் ஆண்கள் வண்டியையே பலர் ஓட்டினர். குறுக்குக் கம்பியில் குழந்தையை அமர்த்தலாமே என்று அதனை விரும்பியோரும் உண்டு. துண்டு சுற்றிய அந்தக் கம்பியில் அமர்ந்து, என் தாயாரின் கைகளுக்கு நடுவே பள்ளி சென்றவள் நான்.

ஆனால், அன்றைய சாலை வேறு. இன்றைய சாலை வேறு. ஆகவே, துணிவு மட்டும் போதாது, எச்சரிக்கையும் வேண்டும். பின்னால் அமரும் சிறு பிள்ளையின் கால் சக்கரத்தின் போக்ஸ் கம்பிகளில் சிக்குவது பெரும் ஆபத்து. இருபுறமும் வலையடித்து, கால் வைக்க மிதியும் பொருத்துங்கள். அங்கியின் ஓரம் சிக்காதிருக்கச் சங்கிலியை முழுவதும் மூடிய உறை வேண்டும். புத்தகப் பைகளைக் கைப்பிடியில் தொங்கவிட்டால் வண்டி ஒருபக்கம் இழுக்கும். முன்கூடையில் கனமில்லாதவற்றை மட்டும் வையுங்கள். குழந்தை அமர்ந்திருக்கையில் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு நகரவே கூடாது.

தனியே ஓட்டும் பிள்ளையை இடப்புறம் விட்டு, நாம் சற்றுப் பின்தங்கி வலப்புறம் வரவேண்டும். அப்போது பிள்ளை நம் கண்ணிலும் இருக்கும். வாகனங்களுக்கும் பிள்ளைக்கும் இடையே நாம் இருப்போம். பெரிய சாலையைக் கடக்கையில் இறங்கித் தள்ளிச் செல்வதே எங்கள் வழக்கம். இதற்கெல்லாம் பத்து நிமிடம் முன்னதாகப் புறப்பட்டால் போதும். அவசரமே பாதி விபத்துக்குக் காரணம் அன்றோ?

‘இத்தனை தொல்லை எதற்கு?’ எனலாம். நம் மாநிலத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பதினோராம் வகுப்பில் விலையில்லா மிதிவண்டி கிடைக்கிறது. வண்டியை அரசு தரும். சாலையில் செல்லும் அறிவை யார் தருவது? தாயின் கண்பார்வையில் எட்டு வயதில் கற்றவள் பதினாறு வயதில் தடுமாறமாட்டாள். மேலும், மிதித்துக்கொண்டே மகள் ஒப்புவிக்கும் வாய்ப்பாடும், முதுகுக்குப் பின்னாலிருந்து மகன் கேட்கும் ஓயாத கேள்விகளும் வேனில் அனுப்பியிருந்தால் என் காதுக்கு எட்டியிருக்குமா?

எனினும், பெற்றோரின் கவனம் மட்டும் பிள்ளைகளைக் காத்துவிடாது. மிதிவண்டி நாடு எனப் புகழ்பெற்ற நெதர்லாந்திலும் 1971ஆம் ஆண்டில் சாலை விபத்துகளில் ஏறத்தாழ 3,300 பேர் மாண்டனர். அவர்களுள் 400க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். ‘குழந்தைகளைக் கொல்வதை நிறுத்துங்கள்’ என்று பெற்றோர் வீதிக்கு வந்து போராடினர். மிதிவண்டிக்கெனத் தனிப்பாதைகளும், வாகனங்கள் மெல்லச் செல்லும் குடியிருப்புத் தெருக்களும் அங்கே பெருகியதில் அவர்களின் பங்கு பெரிது.

நம் ஊரில் அவ்வளவு பெரிய மாற்றம் ஒரே நாளில் வாராது. எனினும், பள்ளி திறக்கும் வேளையிலும் விடும் வேளையிலும் வாசலில் வாகனங்களை நிறுத்தாதிருக்கச் செய்யலாம். வேகத்தடை கேட்டு ஊராட்சியில் மனுக் கொடுக்கலாம். தாய்மார் பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் தலைமையாசிரியரும் ஜமாஅத்தாரும் மறுக்கப்போவதில்லை. உங்கள் தெருவிலிருந்து அந்த முதல் மனுவை எழுதுங்கள், சகோதரிகளே! நம் செல்வங்கள் அச்சமின்றிப் பள்ளி சென்று திரும்பும் நாள் இன்ஷா அல்லாஹ் வரும்.