ஏழு முடிச்சு ஆழம்!

செமஸ்டர் லீவுல ஊருக்குப் போகாம ஹாஸ்டல்லயே கிடக்குற கோஷ்டியில நானும் ஒருத்தன். மெஸ் மூடியாச்சு. கையில காசு கிடையாது. அந்த நேரம் பார்த்து ரூம்மேட் கேட்டான்: "மச்சி, மீன் புடிக்கப் போலாமா? அனகாபுத்தூர்ல எங்க மாமா இருக்காரு."

"அனகாபுத்தூர்ல ஏதுடா கடல்?"

"கடல் இல்லடா, கல்குவாரி!"

ஞாயித்துக்கிழமை விடியறதுக்கு முன்னாடி பல்லாவரம் ஸ்டேஷன்ல இறங்கினோம். அங்கேருந்து குன்றத்தூர் ரோட்டுல ஷேர் ஆட்டோ. பம்மல் தாண்டும்போது இருட்டுக்குள்ள குன்றுகள் தெரிஞ்சுது. பாதிக் குன்றுகள்தான். மீதியை வெட்டி ஜல்லியாக்கி, நாம குடியிருக்குற அப்பார்ட்மென்டுக்குள்ள போட்டாச்சு.

இந்தக் கல்லுக்கு ஒரு ஹிஸ்டரி இருக்கு பாஸ். கொல்கத்தாவுல ஜாப் சார்னாக்னு ஒரு வெள்ளைக்காரரோட கல்லறை இருக்கு. அந்தக் கல்லும் பல்லாவரம் பக்கத்துக் கல்லும் ஒரே ரகம்னு கண்டுபிடிச்சு, 1893-ல தாமஸ் ஹாலந்துங்கிற புவியியலாளர் இதுக்கு 'சார்னோக்கைட்'னு பேர் வெச்சார். அதுக்கும் முன்னாடி, 1863-ல ராபர்ட் புரூஸ் ஃபூட் ஆதிமனுஷனோட கல் கோடாலியைக் கண்டெடுத்ததும் இதே பல்லாவரத்துலதான். இந்தப் பக்கத்துல கல்லுக்கும் மனுஷனுக்கும் அவ்வளவு பழைய பழக்கம்!

மாமாவுக்கு அறுபது வயசு இருக்கும். இருபது வருஷம் குவாரியில துளை போட்டவர். கையில ரெண்டு மூங்கில் கழி, ஒரு டப்பா மண்புழு, இடுப்புல ஒரு சுருட்டின கயிறு. "வாங்க தம்பி, வெயில் ஏறினா மீன் கீழ போயிடும்"னு முன்னாடி நடந்தார்.

கருவேலங்காட்டைத் தாண்டி மேல ஏறினதும் நான் அப்படியே நின்னுட்டேன். நாலு பக்கமும் செங்குத்தா பாறை. நடுவுல தண்ணி. பச்சையும் நீலமும் கலந்த கலர். நம்ம ஊர் ஏரித் தண்ணியைப் பார்த்த கண்ணுக்கு நம்பவே முடியலை. கரையோரம் கிடக்குற ஒவ்வொரு கல்லும் தனித்தனியா தெரியுது. தண்ணிக்குள்ள ஒரு ரோடு வேற தெரிஞ்சுது!

"லாரி இறங்கின பாதை அது. சரளை போட்டது நாங்கதான்"னார் மாமா.

ஏரித் தண்ணி மாதிரி இது ஏன் கலங்கலை? ஏரிக்கு வாய்க்கால் வண்டல் மண்ணை அள்ளிட்டு வரும். இங்கே ஆறும் இல்ல, வாய்க்காலும் இல்ல. மேலேருந்து மழை, பாறை விரிசல் வழியா ஊத்து, அவ்வளவுதான். அடியில சேறு குறைவுங்கிறதால கலக்கிவிட ஒண்ணுமில்லை. பாசிக்கு உரமும் கம்மி. 2017-லயும் 2019-லயும் சென்னை தண்ணிக்குத் தவிச்சப்போ, மாங்காடு பக்கம் இருக்குற சிக்கராயபுரம் குவாரிகள்லேருந்து எடுத்து, செம்பரம்பாக்கத்துல சுத்திகரிச்சுத்தான் ஊருக்குக் குடுத்தாங்க. நீங்க சென்னைவாசின்னா நீங்களும் குடிச்சிருக்க சான்ஸ் இருக்கு!

சரி, மீனுக்கு வருவோம். இங்கே கிடைக்கிறது ஜிலேபி கெண்டை. சொந்த ஊர் ஆப்பிரிக்கா. 1952-ல இந்தியாவுக்குக் கொண்டுவந்தாங்க. இப்போ எந்தக் குட்டையைப் பார்த்தாலும் இதுதான். மூடின குவாரிக்குள்ள எப்படி வந்துச்சுன்னு கேட்டேன். "நான்தான் ஏரியிலேருந்து ஒரு பக்கெட்டுல கொண்டுவந்து விட்டேன்"னு சிரிச்சார் மாமா. தண்ணிக்குள்ள அந்த லாரி ரோட்டுல வட்ட வட்டமா குழிகள். முட்டைக்காக ஆண் மீன் தோண்டினது. பொறிக்கிற வரைக்கும் முட்டையைப் பெண் மீன் வாய்க்குள்ளயே வெச்சுக் காப்பாத்துமாம்.

நரம்புல மயில் இறகுத் தண்டு தக்கை, கீழ ஒரு ஈயக்குண்டு, முள்ளுல மண்புழு. நான் கெத்தா விளிம்புல போய் நின்னு வீசினேன். கண்ணெதிர்ல இருந்த பத்துப் பதினஞ்சு மீனும் ஒரே செகண்டுல காலி!

"தம்பி, உங்களுக்கு மீன் தெரியுதுன்னா மீனுக்கும் நீங்க தெரியுறீங்க. பின்னாடி வந்து உட்காருங்க."

உட்கார்ந்ததும்தான் மண்டையில பல்பு எரிஞ்சுது. தண்ணிக்கு மேல இருக்குற மொத்த உலகமும் மீனோட கண்ணுக்கு ஒரு வட்ட ஜன்னல் வழியாத்தான் தெரியும். தாழ்வா இருக்குறதெல்லாம் அந்த ஜன்னல் ஓரத்துல நசுங்கிப் போயிடும். நின்னா நான் பூச்சாண்டி. குந்தினா வெறும் பாறை. ஒளிவிலகல்! ஃபர்ஸ்ட் இயர் பிசிக்ஸ்ல அரியர் வெச்ச எனக்கு இதைப் புரியவெச்சது ஒரு மண்புழு.

பாறை நிழல்ல தக்கையைப் போட்டுக் கால் மணி நேரம் மூச்சுவிடாம இருந்தேன். தக்கை ரெண்டு தடவை தலையாட்டுச்சு, அப்புறம் சாய்ஞ்சு உள்ள போச்சு. இழுத்தா, உள்ளங்கை அகலத்துல ஒரு ஜிலேபி! கழட்டும்போது முதுகு முள்ளு கட்டைவிரல்ல ஏறிடுச்சு. வலியைவிட சந்தோஷம் ஜாஸ்தி.

எட்டரை மணிக்கு வெயில் சுள்ளுனு ஏற, எனக்கு ஆசை வந்துடுச்சு. "மாமா, இந்த ஓரத்துல சும்மா ஒரு குதி குதிச்சுட்டு வரட்டா? அடி தெரியுதே, பத்து அடிதான் இருக்கும். எனக்கு நீச்சல் தெரியும்."

மாமா பதில் சொல்லலை. இடுப்புலேருந்த கயிறை எடுத்தார். நுனியில ஒரு கல்லைக் கட்டினார். மூணு அடிக்கு ஒரு முடிச்சு. "நீங்களே விட்டுப் பாருங்க"ன்னார்.

ஒண்ணு, ரெண்டு, மூணு. இப்போ தட்டணுமே? தட்டலை. நாலு, அஞ்சு, ஆறு. ஏழாவது முடிச்சு தண்ணியைத் தொட்டப்போதான் கயிறு தளர்ந்துச்சு. இருபத்தொரு அடி!

நேரா மேலேருந்து பார்த்தாலே 21 அடித் தண்ணி 16 அடியாத்தான் தெரியும். கரையிலேருந்து சாய்வா பார்த்தா இன்னும் குறையும். ஃபார்முலா எனக்குத் தெரியும். அதைப் பரீட்சையில எழுதியும் இருக்கேன். ஆனா கண்ணு பத்துன்னு சொன்னதும் நம்பிட்டேனே!

"அந்த லாரி ரோடு நேரா போகுதுன்னு நினைக்கிறீங்கல்ல? இன்னும் நாலு எட்டு வெச்சா ரோடே கிடையாது. அங்கே இன்னொரு அறுபது அடி வெட்டியிருக்கோம். வெயில் பட்டு மேல வெதுவெதுன்னு இருக்கும், கீழ சில்லுனு இழுக்கும். ஏறுறதுக்குக் கரையே இல்ல, நாலு பக்கமும் செதுக்கின பாறை. நீச்சல் தெரிஞ்சவனும் எதைப் புடிச்சு ஏறுவான்?"

கொஞ்ச நேரம் தக்கையையே பார்த்துட்டு இருந்தார். அப்புறம் மெதுவா சொன்னார். "இதுல அடியில நின்னு வேலை பார்த்தவங்கள்ல இப்போ நான் ஒருத்தன்தான் இந்தப் பக்கம் இருக்கேன். யாராச்சும் விழுந்துட்டா, எங்கே எவ்வளவு ஆழம்னு கேக்க ஃபயர் சர்வீஸ்காரங்க என்னைத்தான் கூப்பிடுவாங்க. மூணு தடவை வந்துட்டேன். மூணும் உங்க வயசுப் பசங்க. கரையில செருப்பு, பேன்ட், காலேஜ் ஐடி கார்டு... எல்லாம் ஒழுங்கா மடிச்சு வெச்சிருந்தாங்க."

என் கையில இருந்த கயிறு நனைஞ்சு கனமா இருந்துச்சு. பக்கத்துல ரூம்மேட் கழட்டின செருப்பைத் திரும்ப மாட்டிக்கிட்டான்.

மொத்தம் ஆறு மீன். அத்தை மிளகாய்த்தூள், உப்பு, பூண்டு தடவி மொறுமொறுன்னு வறுத்துக் குடுத்தாங்க. ஹாஸ்டல் மெஸ்ஸுல இந்த ருசிக்கு வாய்ப்பே இல்ல. கிளம்பும்போது மாமாகிட்ட, "இதைப் பத்தி பத்திரிகையில எழுதலாமா?"ன்னு கேட்டேன்.

"எழுதுங்க. ஆனா எந்தக் குவாரின்னு மட்டும் எழுதாதீங்க தம்பி."

அதான் எழுதலை. ஆனா தமிழ்நாட்டுல வேலை நின்னுபோன கல்குவாரிக்குப் பஞ்சமே இல்ல. உங்க காலேஜ் பக்கத்துலயும் ஒண்ணு இருக்கலாம். தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும், அடி தெரியும், கூட இருக்குறவன் உசுப்பேத்துவான். அப்போ குனிஞ்சு ஒரு கல்லை எடுங்க, ஒரு கயிறுல கட்டி விட்டு, முடிச்சை எண்ணிப் பாருங்க. எண்ணி முடிச்சதும், குதிக்கணும்ங்கிற ஆசை தானா அடங்கிடும். குவாரிக்குள்ள தூண்டில் மட்டும் இறங்கட்டும் ஃப்ரெண்ட்ஸ், நாம கரையிலயே குந்துவோம்!