பொம்மையின் முதுகு

துணிக்கடைப் பொம்மையை எல்லோரும் முன்பக்கமாகத்தான் பார்த்திருக்கிறோம். அதன் முதுகைப் பார்ப்பதற்காகவே சென்ற மாதம் சென்னையில் இரண்டு கடைகளில் போய் நின்றேன். ஒன்று, நுங்கம்பாக்கம் காதர் நவாஸ் கான் சாலையில் பட்டும் கைத்தறியும் விற்கும் சின்னக் கடை. மற்றது, தி.நகர் உஸ்மான் சாலையில் எதை எடுத்தாலும் ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும் ரெடிமேட் கடை. பொம்மைக்கு உடுத்திக் கடையை அலங்கரிக்கும் வேலைக்குப் படிப்பில் விஷுவல் மெர்ச்சண்டைசிங் என்று பெயர். கடையில் எல்லோருக்கும் அது வெறும் 'டிஸ்ப்ளே'.

நுங்கம்பாக்கத்தில் கடை திறக்கும் முன்பே வரச் சொன்னார்கள். ஐம்பது வயதை நெருங்கும் ஓர் அக்கா, அரக்குச் சிவப்புக் காஞ்சிப்பட்டைப் பொம்மைக்குக் கட்டிக்கொண்டிருந்தார்.

"இதுக்கு இடுப்பு இருக்கு, வயிறு கிடையாது. கொசுவம் எதைப் பிடிச்சு நிக்கும், சொல்லுங்க?"

பழைய வேட்டியில் கிழித்த நாடாவை இடுப்பில் இறுக்கி, அதற்குள் கொசுவத்தைச் செருகினார். குண்டூசியே இல்லையே என்றேன். "பட்டுல குத்தினா துளை நின்னுடும். அந்தப் புடவைய அப்புறம் யார் தலையில கட்டுறது?" பின்னால் எட்டிப் பார்த்தேன். மொட்டைமாடியில் துணி காயப்போடும் பிளாஸ்டிக் கிளிப் இரண்டு, பட்டில் பல் பதியாதபடி அடியில் மல் துணித் துண்டு. முன்பக்கம் ராஜகம்பீரம். முழுதாக 40 நிமிடம் ஆனது.

நான்கே நாள்தான் அது அங்கே நிற்கும். வெளிச்சம் பட்டுக்கொண்டே இருந்தால் பட்டு வெளுக்கும். கழற்றிய பிறகும் பழைய மடிப்பிலேயே மடிக்கக் கூடாது, அந்த வரியில் ஜரிகை ஒடியும். அதே புடவைதான் வேண்டும் என்று யாராவது கேட்டால் அவிழ்த்துக் கொடுத்துவிட்டு, அக்கா முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்த மாதிரியில் இரண்டாவது புடவை கடையில் கிடையாது.

கண்ணாடிக்குள் அந்த ஒரு பொம்மையும் ஓர் ஊஞ்சல் பலகையும் மட்டும். விலைச்சீட்டு இல்லை. அந்தச் சாலையில் வாடகை கொடுத்துவிட்டு இத்தனை இடத்தைச் சும்மா விடுவதற்குத் தெம்பு வேண்டும். வெளியே நிற்பவருக்குக் காட்டுவதே அந்தத் தெம்பைத்தான் என்று எனக்குப் பட்டது. உள்ளே வரத் தயங்குகிறவர் தயங்கட்டும் என்கிற காலி இடம் அது.

உஸ்மான் சாலைக் கடைக்கு இரவில் போனேன், ஷட்டரைப் பாதி இறக்கிய பிறகு. தென்காசிப் பக்கத்து இளைஞர் ஒருவர், 6 பொம்மைகள், கையில் போன். எந்தப் பொம்மைக்கு எந்தச் சட்டை, எந்த ஸ்டாண்டில் எந்த நிறம் என்ற 'பிளான்' தலைமை அலுவலகத்திலிருந்து படமாக வந்திருந்தது. பொம்மையைத் தலைகீழாகக் கவிழ்த்து முதலில் பேண்ட்டைப் போட்டார். பிறகு இரண்டு கைகளையும் திருகிக் கழற்றினார். சட்டையை மாட்டிவிட்டு, கழுத்து வழியே கைகளை ஒவ்வொன்றாக உள்ளே விட்டுப் பொருத்தினார். தொளதொளவென்று தொங்கியதை முதுகில் அள்ளி, ஆபீஸ் காகிதத்துக்குப் போடும் கறுப்பு கிளிப்பால் கவ்வினார்.

"முன்னால ஸ்லிம் ஃபிட், பின்னால மூட்டை" என்று சிரித்தார்.

ஸ்டாண்டில் ஹேங்கர் கொக்கிகள் எல்லாம் ஒரே பக்கம் பார்க்க வேண்டும். முன்னால் சின்ன சைஸ், பின்னால் பெரியது. பொம்மை போட்டிருப்பது கைக்கெட்டும் தூரத்தில் தொங்க வேண்டும். மேசையில் டி-ஷர்ட்டுகளை அட்டை வைத்து மடித்து அடுக்கியவர், மேலே இருந்த ஒன்றை மட்டும் வேண்டுமென்றே லேசாகக் கலைத்தார்.

"ரொம்ப அழகா இருந்தா யாரும் தொட மாட்டாங்கல்லா? தொட்டாத்தான்க்கா எடுப்பாங்க."

நுங்கம்பாக்கத்தில் யாரும் தொடாதிருக்க அத்தனை பாடு. இங்கே தொட வைப்பதற்காக இந்தக் கலைப்பு. இரண்டில் எது பெரிய வித்தை என்று கேட்டால், நான் அந்தக் கலைப்பைத்தான் சொல்வேன்.

அமெரிக்காவில் கடை ஜன்னல் அலங்காரத்துக்கென்றே 1897-இல் ஒரு பத்திரிகை தொடங்கினார் எல். ஃபிராங்க் பாம். 1900-இல் வெளிவந்த 'ஓஸ்' மந்திரவாதிக் கதையை எழுதியவரும் அவரே. வைக்கோல் பொம்மையும் தகர மனிதனும் எழுந்து நடக்கும் கதை அவருக்கு எங்கிருந்து கிடைத்தது என்பதில், அன்றிரவு முதல் எனக்கு ஒரு சந்தேகம்.

கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டத்திருத்தம் வந்தது. உஸ்மான் சாலைக் கடையிலும் சுவரோரம் ஒரு ஸ்டூல் இருந்தது. அதன்மேல் பொம்மைகளின் கைகள் குவிந்து கிடந்தன.

பதினொன்றேகாலுக்கு ஆறாவது பொம்மையையும் படமெடுத்து அனுப்பிவிட்டு, அந்த இளைஞர் நின்றபடியே போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீல டிக் விழுந்தது. 'மூணாவது பொம்மை, காலர் சரியில்லை' என்று பதில் வந்தது. போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு, மூன்றாவது பொம்மையின் வலது கையைத் திருகினார்.