கோரமண்டலுக்கு மின்விசையாய் வந்த காவிரி

குடகின் தலைக்காவிரியில் பிறந்து, ஏறத்தாழ 800 கி.மீ. ஓடி, பூம்புகாரில் கடலைச் சேரும் காவிரி, கோலார் தங்கவயலிலுள்ள கோரமண்டலைத் தொடுவதில்லை. ஆயினும் இவ்வூரை வாழவைத்ததில் அந்நதிக்குப் பெரும்பங்கு உண்டு.

சிவசமுத்திரம் நீர்வீழ்ச்சியில் உண்டாக்கப்பட்ட மின்சாரம், 1902-ஆம் ஆண்டு ஏறத்தாழ 147 கி.மீ. கம்பிவழியாகத் தங்கவயலை வந்தடைந்தது. பெங்களூர் நகருக்கே அது 1905-இல்தான் கிடைத்தது! நீராவியை நம்பியிருந்த சுரங்க இயந்திரங்களை ஆற்றின் விசை இயக்கிற்று. வட ஆற்காட்டிலிருந்து வந்த தமிழர் ஆழத்தில் பாறை பிளந்து பொன் எடுத்தனர்.

2001-இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. அவர்களுடைய சந்ததியாரில் பலர் இன்று விடியற்காலை இரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். அந்நகரின் குழாய்களில் வருவதும், அதே சிவசமுத்திரத்தின் அருகிலிருந்து மேட்டிற்கு ஏற்றப்படும் காவிரி நீரே. முன்னோருக்குப் பிழைப்பளித்த நதி, பிள்ளைகளின் தாகத்தையும் தீர்க்கிறது. அதில் ஒரு குடத்தையும் வீணாக்காதிருப்போமாக.